யாரைத் தெரியும் என்பது எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது? உறவுவலை பற்றிய எளிய விளக்கம்

ஒருவர் என்ன வேலைக்குப் போகிறார், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கிறார், எவ்வளவு கடன் வாங்கத் துணிகிறார், காய்ச்சல் வந்தால் முதலில் எந்த மருத்துவரிடம் ஓடுகிறார் என்பவற்றையெல்லாம் அவருடைய அறிவு, குணம், உழைப்பு ஆகியவற்றைக் கொண்டே விளக்க நாம் பழகியிருக்கிறோம். ஆனால் மும்பையில் சில காலம் வாழ்ந்தவர்களுக்கு இந்த விளக்கம் போதாது என்பது கண்ணெதிரே தெரியும். தாராவியின் ஒரே சந்தில் விடியும் முன்பே வீட்டுக்கு வீடு இட்லி வெந்து, சைக்கிள்களில் ஏறி நகரெங்கும் போகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் பெருமளவில் தோல் தொழிலில் இருந்த அதே காலத்தில், சில நிறுத்தங்கள் தள்ளி மாட்டுங்காவில் குடியேறிய தமிழர்கள் தட்டச்சும் கணக்கும் கற்று அலுவலகங்களில் அமர்ந்தார்கள். இவ்வளவு பேர் தனித்தனியே யோசித்து ஒரே முடிவுக்கு வந்திருக்க முடியாது. அவர்களுக்கு முன்னால் வந்தவர்கள் யார், அவர்கள் யாரை அழைத்து வந்தார்கள், வந்தவர்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்பதில்தான் விளக்கத்தின் பெரும்பகுதி இருக்கிறது.

இந்தத் தொடர்புகளின் அமைப்பைத்தான் சமூக வலைப்பின்னல் என்கிறார்கள். இக்கட்டுரையில் அதைச் சுருக்கமாக உறவுவலை என்று குறிப்பிடுகிறேன். பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் அதன் ஒரு பகுதி மட்டுமே. மனிதர்களைப் புள்ளிகளாகவும், இருவருக்கிடையே உள்ள பழக்கம், உறவுமுறை, கொடுக்கல் வாங்கல் போன்றவற்றைக் கோடுகளாகவும் வரைந்தால் கிடைக்கும் படமே உறவுவலை. மானிடவியலாளர் ஜே. ஏ. பார்ன்ஸ் 1954-இல் நார்வேயின் பிரெம்னஸ் என்ற வட்டாரத்தைப் பற்றி எழுதியபோது இந்தப் பெயரை ஆய்வுச் சொல்லாகப் பயன்படுத்தினார். ஆனால் படம் வரையும் வழக்கம் அதற்கும் முன்பே வந்துவிட்டது. 1932-இல் அமெரிக்காவின் ஹட்சன் நகரிலிருந்த பெண்கள் சீர்திருத்தப் பள்ளி ஒன்றிலிருந்து இரண்டே வாரங்களில் 14 சிறுமிகள் ஓடிப்போனார்கள். சிறுமிகளின் குணத்தைக் குறை கூறி முடித்திருக்கக்கூடிய இந்த விஷயத்தை ஜேக்கப் மொரேனோ என்ற மனநல மருத்துவர் வேறு விதமாக அணுகினார். யாருக்கு யாரைப் பிடிக்கும், யாரோடு யார் பேசுவார்கள் என்று கேட்டறிந்து படமாக வரைந்து, ஓடிப்போகும் எண்ணம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவிய வழி அந்தக் கோடுகளில் இருப்பதாக அவர் வாதிட்டார். அந்தச் சிறுமிகளில் பலருக்குத் தாங்கள் அப்படியொரு வலைக்குள் இருப்பதே தெரிந்திருக்காது.

கோடுகள் எல்லாம் ஒரே தன்மையானவை அல்ல. அண்ணன், மாமன், ஒரே ஊர்க்காரர், பக்கத்துச் சால் (வரிசையாக ஒற்றை அறை வீடுகள் கொண்ட மும்பைக் குடியிருப்பு) வீட்டில் வளர்ந்த நண்பர் என்று அன்றாடம் பழகுகிறவர்களோடு இருப்பது நெருங்கிய பிணைப்பு. ரயிலில் பார்த்துத் தலையசைக்கும் மனிதர், முன்பு வேலை பார்த்த இடத்தின் மேலாளர், திருமண வீட்டில் ஒருமுறை பேசியவர் ஆகியோரோடு இருப்பது தளர்ந்த பிணைப்பு. வாழ்க்கைக்கு உதவுவது முதல் வகைதான் என்று எவருக்கும் தோன்றும். 1973-இல் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் இந்த எண்ணத்தைப் புரட்டிப்போட்டார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், தெரிந்தவர் மூலம் புதிய வேலை பெற்றவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் மட்டுமே. எப்போதாவது சந்திப்பதாக 56 விழுக்காட்டினரும், மிக அரிதாகவே சந்திப்பதாக 28 விழுக்காட்டினரும் சொன்னார்கள்.

காரணத்தை யோசித்தால் இதில் வியப்பில்லை. நம்மோடு நெருங்கியவர்கள் தங்களுக்குள்ளும் நெருங்கியவர்களாக இருப்பதால், நமக்குத் தெரிந்த செய்தியே அவர்களுக்கும் தெரிந்திருக்கும். தாராவி நைன்டி ஃபீட் ரோட்டில் வசிக்கும் ஓர் இளைஞருடைய சொந்தக்காரர்கள் பத்துப் பேரும் ஒரே வகைப் பட்டறைகளில் இருந்தால், எந்தப் பட்டறையில் ஆள் தேவை என்ற ஒரே செய்தியைத்தான் பத்துப் பேரும் கொண்டுவருவார்கள். அந்தேரியில் ஒரு விமானச் சரக்கு நிறுவனத்தில் பயிற்சி கொடுத்து ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி, அவர் எப்போதோ கிரிக்கெட் விளையாடியபோது பழகிய, இப்போது கல்யாணில் குடியிருக்கும் ஒருவரிடமிருந்துதான் வர வேண்டும். பல ஆண்டுகள் கழித்து, லிங்க்டுஇன் தளத்தின் 2 கோடிப் பயனர்களை ஐந்தாண்டுகள் வைத்து நடத்தி 2022-இல் வெளியிடப்பட்ட ஆய்வும் இதைப் பெரிதும் உறுதி செய்தது. மிக நெருங்கியவர்களைக் காட்டிலும் ஓரளவு தளர்ந்த தொடர்புகளே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவின. ஆனால் அடியோடு பழக்கமற்ற தொடர்புகளின் பயன் மீண்டும் குறைந்தது.

இதனால் நெருங்கிய பிணைப்பு தேவையற்றது என்று எவரும் முடிவு செய்துவிடக் கூடாது. ஊரிலிருந்து தாதர் எக்ஸ்பிரஸ் ஏறி வந்து இறங்குகிறவருக்கு முதல் இரவு படுக்க இடம் கொடுப்பது மாமன் வீடுதான், தலையசைக்கும் மனிதர் அல்லர். வாடகைக்கு முன்பணம், பிரசவச் செலவு, சாவு வீட்டுச் செலவு ஆகியவற்றைத் தாங்குவதும் அந்த நெருங்கிய வட்டமே. மாதச் சீட்டு ஒன்றில் பத்திரமும் ஜாமீனும் இல்லாமல் பணம் கை மாறுவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். சீட்டை எடுத்துவிட்டு மீதித் தவணையைக் கட்டாமல் போகிறவருடைய பெயர் மும்பைச் சந்தில் மட்டுமின்றி அவருடைய ஊர்க் கோயில் திருவிழாவிலும் பேசப்படும் என்பதே அதற்கு ஜாமீன். சீட்டில் இருக்கும் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்திருப்பதால் வரும் பலம் அது. வெளியிலிருந்து அழுத்தம் வரும்போது இந்த வட்டம் இன்னும் இறுகும். 1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியர்களுக்கு எதிரான பிரசாரம் மும்பையில் மூண்ட காலத்தில், தமிழர் குடியிருப்புகள் தங்களுக்குள் நெருங்கிக்கொண்டது பாதுகாப்புக்கான இயல்பான வழியே.

அந்த இறுக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. அதைக் கணக்கிட்டுக் காட்டிய ஆய்வுகளில் மிக முக்கியமானதாக நான் கருதுவது நம் நகரிலேயே, தாதரில் நடந்தது. கைவன் முன்ஷி, மார்க் ரோசன்ஸ்வைக் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் தாதர் பகுதிப் பள்ளிகளில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த மாணவர்களின் குடும்பங்களை விசாரித்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதன் பின்னணி மும்பையின் பழைய வேலைமுறை. துணி மில்களில் நிர்வாகம் நேரடியாக ஆள் எடுக்கவில்லை. ஜாபர் எனப்பட்ட மேஸ்திரிகள் தங்கள் ஊரிலிருந்தும் சாதியிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அப்பனும் சித்தப்பனும் இருந்த இடத்தில் மகனுக்கும் இடம் கிடைத்தது. இப்படித் தலைமுறைகளாக உழைப்பாளர் வேலைகளில் வேரூன்றிய சாதிகளில் ஆண்களுக்கு ஒரு வேலைவழி திறந்தே இருந்தது. 1990-களில் பொருளாதாரம் மாறி, ஆங்கிலவழிக் கல்விக்குக் கிடைக்கும் வருமானம் வேகமாக உயர்ந்தபோது, அந்தச் சாதிகளின் பையன்கள் முன்போலவே மராத்திவழிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அதே வீடுகளின் பெண்பிள்ளைகளோ ஆங்கிலவழிப் பள்ளிகளுக்குப் போனார்கள்.

ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே வருமானம். ஆனாலும் மகனுக்கு ஒரு பள்ளி, மகளுக்கு வேறு பள்ளி. பெண்களுக்கு மில்லிலும் பட்டறையிலும் இடம் பிடித்துக்கொடுக்கும் சொந்தக்கார வலை இருந்ததில்லை. அவர்களைப் பிடித்து நிறுத்தவும் அந்த வலையால் முடியவில்லை. பையன்களுக்கு உதவிய வலைதான் அவர்களைப் பழைய வழியில் நிறுத்திவைத்தது. தகப்பன்மார் அறியாமையால் அப்படிச் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. ஒரு பையன் வட்டத்தை விட்டு விலகினால் அடுத்தவனுக்கு வேலை சொல்லிவிட ஓர் ஆள் குறைகிறது. அதனால் எவரும் விலகாமல் இருப்பதில் வட்டத்தார் அனைவருக்கும் அக்கறை இருந்தது. ஒரு காலத்தில் சரியாக இருந்த ஏற்பாடு, காலம் மாறிய பிறகும் அதே அக்கறையால் தொடர்ந்தது. 1982 ஜனவரியில் தொடங்கிய மில் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதை நினைத்துப் பார்த்தால், பழைய வழியிலேயே நின்றவர்கள் என்ன இழந்திருப்பார்கள் என்பது விளங்கும்.

ஆய்வு மராத்தி பேசும் சாதிகளைப் பற்றியது என்றாலும் தமிழ்க் குடும்பங்கள் அதை அந்நியமாகப் படிக்க முடியாது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு நேராக மாமனின் பட்டறைக்கோ கடைக்கோ போகும் பையனையும், கல்லூரிக்குப் போய் வங்கியிலோ மருத்துவமனையிலோ வேலைக்குச் சேரும் அவனுடைய தங்கையையும் நம் குடியிருப்புகளிலும் பார்க்கலாம். அங்கே பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, பெண் கெட்டிக்காரி என்று இரண்டு வரியில் பேசி முடித்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சு எனக்கு எப்போதும் வருத்தத்தைத் தருகிறது. பையனுக்கு முன்னால் ஒரு கதவு எளிதாகத் திறந்திருந்ததையும், வேறு கதவுகள் இருக்கும் இடத்தை அவனுக்குச் சொல்ல வட்டத்தில் எவரும் இல்லாததையும் அந்தப் பேச்சு கணக்கிலேயே எடுப்பதில்லை.

இனி, ஒரு பழக்கம் எப்படிப் பரவுகிறது என்று பார்க்கலாம். செய்தி பரவும் விதமும் நடத்தை பரவும் விதமும் வேறு. தண்ணீர் நாளைக்கு வராது என்ற செய்தியை ஒருவர் சொன்னால் போதும், நாம் குடத்தை நிரப்பிவிடுவோம். ஆனால் மகளின் திருமணத்தைப் பட்டப்படிப்பு முடியும்வரை தள்ளிப்போடுவது, குடிப்பழக்கத்தை நிறுத்துவது, கடைப் பணத்தை ரொக்கமாக வைக்காமல் வங்கியில் போடுவது போன்றவற்றை ஒருவர் சொல்லி எவரும் செய்வதில்லை. நம்மைப் போன்ற இரண்டு மூன்று பேர் செய்து, அவர்களுக்குக் கெட்ட பெயரோ நட்டமோ வரவில்லை என்று கண்ணால் கண்ட பிறகுதான் துணிவோம். டேமன் சென்டோலா என்ற ஆய்வாளர் இதை 2010-இல் இணையத்தில் சோதித்தார். ஒரு குழுவில் நண்பர்களின் நண்பர்களும் ஒருவரையொருவர் அறிந்திருக்கும்படி நெருக்கமான வலையை அமைத்தார். மற்றொரு குழுவில் தொடர்புகளைக் கலைத்துத் தூரதூரமாகப் போட்டார். உடல்நலத் தளம் ஒன்றில் பதிவு செய்யும் பழக்கம் நெருக்கமான வலையில் பாதிக்கு மேற்பட்டவர்களைத் தொட்டது. கலைந்த வலையில் அது 40 விழுக்காட்டையும் எட்டவில்லை. ஒரே செயலை இரண்டு மூன்று பேரிடமிருந்து கேள்விப்படும் வாய்ப்பு நெருக்கமான வலையில்தான் இருந்தது.

ஆகவே புதிய வாய்ப்பைப் பற்றிய தகவல் தளர்ந்த தொடர்பின் வழியே வந்து சேருகிறது. அதைச் செயலாக்கும் துணிவு நெருங்கிய வட்டத்திலிருந்து வருகிறது. கல்லூரியில் சேரும் முதல் பெண் படும் பாட்டுக்கும் மூன்றாவது பெண் படும் பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இது விளக்குகிறது. தனியாக ஒரு குடும்பத்துக்கு அறிவுரை சொல்வதைக் காட்டிலும் ஒரே சாலில் நான்கு குடும்பங்களைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவது ஏன் அதிகம் பலிக்கிறது என்பதையும் விளக்குகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நண்பர்கள் ஒரேமாதிரி இருப்பதைக் கண்டவுடன் ஒருவர் மற்றவரை மாற்றிவிட்டார் என்று முடிவு கட்டக் கூடாது. நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபவுலர் ஆகிய இருவர், அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 1971 முதல் 2003 வரை தொடர்ந்து பரிசோதிக்கப்பட்ட 12,067 பேரின் விவரங்களை ஆராய்ந்து, ஒருவர் தம் நண்பராகக் குறிப்பிட்டவர் உடல் பருமன் அடைந்தால் அவரும் பருமனடையும் வாய்ப்பு 57 விழுக்காடு கூடுவதாக 2007-இல் எழுதினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பருமனடைவதால் அப்படி எந்த விளைவும் காணப்படவில்லை. இது உலகெங்கும் பேசப்பட்டது. மறு ஆண்டே வேறு இரு ஆய்வாளர்கள் அதே போன்ற கணக்குமுறையைக் கையாண்டு, இளைஞர்களிடையே முகப்பருவும் தலைவலியும் உயரமும்கூட நட்பின் வழியே பரவுவதாகக் காட்டினார்கள். நண்பன் வளர்ந்தால் நாமும் வளர்வதில்லை என்பதால், அந்தக் கணக்குமுறையிலேயே கோளாறு இருக்கக்கூடும் என்பதே அவர்களுடைய வாதம். ஒரே மாதிரியானவர்கள் தேடிப்பிடித்து நண்பர்களாவதும் உண்டு. ஒரே தெருவின் ஒரே வடாபாவ் கடை இருவரையும் ஒன்றாகப் பாதிப்பதும் உண்டு. இவற்றை உண்மையான தாக்கத்திலிருந்து பிரித்தறிவது இந்தத் துறையின் மிகக் கடினமான வேலை. பிள்ளை கெட்டுப்போனதற்குச் சேர்க்கையே காரணம் என்று சொல்லும் பெற்றோர், அந்தச் சேர்க்கையைப் பிள்ளை எதற்காகத் தேடிப்போனான் என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வலைத்தளங்கள் இந்தக் கோடுகளை அழித்துவிடவில்லை. பெரும்பாலும் அவற்றின் மேலேயே ஓடுகின்றன. 2010 நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் நாளன்று பேஸ்புக் 6 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களை வைத்து ஒரு சோதனை நடத்தியது. வாக்களியுங்கள் என்ற வெறும் செய்தி பலிக்கவில்லை. வாக்களித்துவிட்டதாகச் சொன்ன நண்பர்களின் முகங்களோடு காட்டப்பட்ட செய்திக்குச் சிறிய, ஆனால் அளக்கக்கூடிய விளைவு இருந்தது. செய்தியை நேரடியாகப் பார்த்து வாக்களித்தவர்களைக் காட்டிலும், பார்த்தவர்களின் நெருங்கிய நண்பர்களில் கூடுதலாக வாக்களித்தவர்கள் பல மடங்கு அதிகம். நேரில் பழகாத முகநூல் நட்புகளால் இந்த விளைவு வரவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அனுப்பும் வைத்தியக் குறிப்பு பத்திரிகைச் செய்தியைவிட வேகமாக நம்பப்படுவதற்கும் காரணம் அந்த நெருக்கமே.

இன்ஸ்டாகிராமைத் திறந்தவுடன் எல்லோரும் நம்மைவிட நன்றாக வாழ்வதாகத் தோன்றுவதற்குப் பொறாமை மட்டும் காரணமில்லை. அதில் ஒரு கணக்கும் இருக்கிறது. ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் 1991-இல் இதை விளக்கினார். ஒரு சந்தில் ஐந்து பெண்கள் இருக்கிறார்கள் என்று கொள்வோம். இட்லிக்கடை நடத்தும் ஒருவரை மற்ற நால்வருக்கும் தெரியும்; அந்த நால்வருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. கடைக்காரருக்கு நான்கு தோழிகள், மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒருவர். சராசரியாக ஒரு பெண்ணுக்கு 1.6 தோழிகள். இப்போது ஒவ்வொருவரையும் உன் தோழிக்கு எத்தனை தோழிகள் என்று கேட்டால், நால்வர் நான்கு என்பார்கள், கடைக்காரர் மட்டும் ஒன்று என்பார். சராசரி 3.4. பலரை அறிந்தவர் பலருடைய பட்டியலில் இடம்பெறுகிறார் என்பதாலேயே, நம் நண்பர்களுக்கு நம்மைவிட அதிக நண்பர்கள் இருப்பதாக ஏறத்தாழ எல்லோருக்கும் தோன்றுகிறது. கைபேசியில் இது இன்னும் கூர்மையாகிறது. அதிகம் பதிவிடுகிறவர்களையே நாம் அதிகம் பார்க்கிறோம். வெளியே போகாமல், எதுவும் பதிவிடாமல், நம்மைப் போலவே வீட்டில் இருக்கிறவர்கள் நம் கண்ணில் படுவதே இல்லை. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு இந்தச் சிறு கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுவது, கைபேசியைப் பிடுங்கி வைப்பதைவிடப் பயனுள்ளது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த அறிவை நல்லதற்குப் பயன்படுத்திய முயற்சிகளும் உண்டு. கர்நாடகத்தின் 43 கிராமங்களில் ஒரு சிறுகடன் நிறுவனம் நுழைந்தபோது, முதலில் தகவல் சொல்லப்பட்டவர்கள் வலையின் நடுவில் இருந்த கிராமங்களில் அதிகம் பேர் சேர்ந்தார்கள் என்பதை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட குழுவினர் 2013-இல் காட்டினார்கள். நடுவில் இருப்பவர் யார் என்று கண்டுபிடிக்கக் கணினி வேண்டியதில்லை. ஊருக்கு ஒரு செய்தி பரவ வேண்டுமென்றால் யாரிடம் சொல்வீர்கள் என்று ஊர்க்காரர்களிடமே கேட்டால் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள் என்பதும், ஹரியானாவில் குழந்தைகளின் தடுப்பூசிச் செய்தியை அப்படிப்பட்டவர்களிடம் சேர்ப்பித்தபோது ஊசி போட வந்தவர்கள் கூடினார்கள் என்பதும் அதே குழுவினரின் அடுத்த ஆய்வில் தெரியவந்தன. இப்படிப் பெயர் சொல்லப்படுகிறவர்கள் பதவியில் இருப்பவர்களாக இருக்க வேண்டியதில்லை. மருத்துவ முகாமுக்குப் பேனர் கட்டும் நம் மும்பைச் சங்கங்கள், தாராவியிலோ கோலிவாடாவிலோ ஒரு சந்துக்குள் போய் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பெயர் சொல்லப்படும் அந்த அக்காவிடம் போய்ப் பேசினால் முகாமுக்கு ஆள் சேரும்.

உங்கள் வலையை நீங்களே வரைந்து பார்க்கலாம். கடந்த ஆறு மாதங்களில் முக்கியமான விஷயம் ஒன்றை யாரிடமெல்லாம் கலந்து பேசினீர்களோ அவர்கள் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். அவர்களில் யாருக்கு யாரைத் தெரியும் என்று கோடு போடுங்கள். பிறகு ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் தாய்மொழி, தொழில், குடியிருக்கும் பகுதி ஆகிய மூன்றையும் குறியுங்கள். எல்லாப் பெயர்களும் ஒன்றோடொன்று கோடுகளால் இணைந்து, மூன்று குறிப்புகளும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே வந்தால், ஆபத்தில் தாங்கிப் பிடிக்க உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், புதிய செய்தி வர வழி குறைவு என்று பொருள். பெயர்கள் தனித்தனியே சிதறிக் கிடந்தால் நிலைமை நேர்மாறானது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அவர்களையும் இதே போல ஒரு தாளில் வரையச் சொல்லி, மகனின் தாளையும் மகளின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.